மூன்று தட்டு

ஹார்லன் மறுபடியும் தட்டினான். ராஸ்கோ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பின் டயரில் ரப்பர் தேய்ந்து உள்ளே இருக்கும் வெள்ளைத் துணி தெரிய ஆரம்பித்துவிட்டது. இனி ஒரு மைல் தாங்கினால் பெரிய விஷயம்.

இதைப் பார்த்துச் சொல்லத்தான் பந்தயக் காரில் ஓட்டுபவனின் இடது பக்கத்தில் ஒரு மெக்கானிக்கை உட்கார வைக்கிறார்கள். என்ஜின் சத்தத்தில் கத்தினாலும் காதில் விழாது. ஓட்டுபவனின் இடது முழங்காலில் மூன்று தட்டு தட்டினால் டயர் போச்சு, நிறுத்து என்று அர்த்தம். தோளை மட்டும் தொடவே கூடாது. ஸ்டியரிங் ஆடினால் இரண்டு பேரும் காலி.

போன வருஷம் இதே விஸ்கான்சின் மண் சாலையில், இதே ராஸ்கோ ஓட்டிய காரில் டயர் வெடித்து, ஹார்லனின் அண்ணன் கிளெம் செத்துப்போனான். ராஸ்கோவுக்கு ஒரு கீறல் இல்லை.

அதற்கும் முந்தின வருஷம் கார் கவிழ்ந்து இடது கால் நசுங்கியும் மூன்றே மாதத்தில் ஓட்ட வந்தவன் அவன். இரும்புக்கால் ராஸ்கோ என்று பத்திரிகைகள் தலையில் தூக்கி வைத்து ஆடின.

"கிளெம் தட்டவே இல்லைங்க. தட்டியிருந்தா நிறுத்தியிருக்க மாட்டேனா?" என்று விசாரணையில் பைபிள்மேல் கை வைத்துச் சொன்னான்.

அதே பத்திரிகைகள் கிளெமைத் தூங்குமூஞ்சி மெக்கானிக் என்று எழுதின. துக்கத்துக்கு வந்தவர்கள்கூடக் கேக்கைத் தின்றுகொண்டே அதைத்தான் பேசினார்கள்.

கிளெம் வேலையில் ஒரு நாளும் கண் அசந்ததில்லை. விதி என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் உயிரே போனாலும் மீறமாட்டான். அந்தப் பெயரை மீட்கத்தான் ஹார்லன் இந்த இருக்கையைக் கேட்டு வாங்கியிருந்தான். உடனே கொடுத்துவிட்டார்கள். ராஸ்கோ பக்கத்தில் உட்கார வேறு யாரும் வரவில்லை.

இப்போது தெரிந்துபோயிற்று. கோப்பை கிடைத்தால் போதும், தட்டினாலும் நிறுத்தமாட்டான் இந்தப் பாவி.

விதியாவது மண்ணாங்கட்டியாவது. ஹார்லன் அவன் தோளில் ஓங்கி ஒரு குத்து விட்டான்.

கார் ஒருமுறை தடுமாறியது. ராஸ்கோ உடனே வேகத்தைக் குறைத்து, டயர் மாற்றும் இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினான்.

"முன்னாடியே தட்டித் தொலையறதுக்கென்ன? உன் கை பூப்பறிச்சிட்டா இருந்துச்சு?"

மூஞ்சிக்கு நேராகவே பொய் சொல்கிறான். ஹார்லனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அறைந்துவிடலாம் என்று திரும்பியபோது தோல் கருகும் நாற்றம் அடித்தது.

கிளட்சுக்குள் பதித்திருக்கும் தோல்தான் என்று நினைத்தான். எந்த மெக்கானிக்கும் அப்படித்தான் நினைப்பான். மற்றவர்கள் டயரைக் கழற்றிக்கொண்டிருக்க, வாளித் தண்ணீரோடு இறங்கிக் குனிந்து கிளட்சைப் பார்த்தான்.

கிளட்ச் நன்றாகவே இருந்தது.

கால்பலகை ஒன்று விலகியிருந்தது. பழுக்கக் காய்ந்த புகைக்குழாயில் ராஸ்கோவின் இடது பூட்ஸ் ஒட்டிப் புகைந்துகொண்டிருந்தது. ராஸ்கோ சாலையைப் பார்த்தபடி தூசிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான்.

ஹார்லன் ஸ்பேனரை எடுத்து அந்த முழங்காலில் மூன்று தட்டு தட்டினான்.

ராஸ்கோ கண்ணாடியை மாட்டிக்கொண்டான்.

கிளெம் தட்டியிருக்கிறான். எத்தனை முறை தட்டினானோ.

பாவம், கால் மரத்துக் கிடப்பது இவனுக்கே தெரியாதோ என்று ஒரு கணம் தோன்றியது. அப்புறம்தான் பூட்ஸை நன்றாகப் பார்த்தான். ராசியான பூட்ஸ் என்று, கால் தேறி ஓட்ட வந்த நாளிலிருந்து மாற்றாமல் போட்டுக்கொண்டு வருகிறவன். புகையும் இடத்துக்குப் பக்கத்திலேயே பழைய கருகல்கள் இரண்டு. அவற்றின்மேல் தோல் வைத்து, வெளியே தெரியாதபடி பொடித் தையல் போட்டிருந்தது. அந்த ஒட்டுத் தோலும் ஒரு வருஷத்துக்கு மேல் பழசாகி வெளிறியிருந்தது.

தெரிந்தேதான் பைபிளில் கை வைத்திருக்கிறான்.

"ஏறுடா, டயர் மாட்டியாச்சு" என்றான் ராஸ்கோ.

ஹார்லன் வாளியைத் தரையில் வைத்தான். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றவில்லை. என்ஜினை அணைத்துவிட்டு, பூட்ஸில் புகை அடங்குவதற்குள் நடுவர்களைக் கூட்டிவர மேடையை நோக்கி ஓடினான்.