எல்லைக்கு அந்தப் பக்கம் நின்ற கார்

"அந்தச் சாம்பல் கார் இன்னிக்கும் வந்து நிக்குது, லோரீன். மூணாவது நாள்."

காவலாளி டெல்பர்ட் மழைக்கோட்டை உதறிக்கொண்டே சொன்னான். லோரீன் கல்லாவை விட்டு நகரவில்லை. கண்ணாடிக் கதவு வழியாகவே தெரிந்தது. நெடுஞ்சாலையில், தன்னாட்சி பெற்ற பழங்குடி நிலம் தொடங்கும் பலகைக்குச் சற்று அந்தப் பக்கம், மாநில முத்திரை போட்ட கார்.

"உள்ள ஏன் வர மாட்டேங்கிறான் அண்ணே?"

"வந்தா வேலை போயிடும். இது நம்ம மண்ணு. படகுல வந்தாக்கூட கேட்டுட்டுதான் கரையில காலை வைக்கணும். கஞ்சா வாரியத்துக்காரனுக்கு மட்டும் தனிச் சட்டமா? நம்ம பழங்குடி மன்றத் தலைவி வெர்னாவுக்குச் சொல்லி அனுப்பிட்டு ஒக்காந்திருக்கான். அவ, மழையில கெடந்து ஊறட்டும்னு விட்டுட்டா." டெல்பர்ட் சிரித்தான். "இன்னிக்கு ரெண்டு மணிக்கு வரச் சொல்லியிருக்காளாம். பின் சீட்டுல வேற யாரோ இருக்காங்க. ஆமா, உன் மூஞ்சி ஏன் செத்த சால்மன் மீன் மாதிரி இருக்கு?"

"எதுக்கு வந்திருக்கானாம்?"

"யாரோ ஒரு பொண்ணு விஷயமாம்."

லோரீன் மறுபடி அந்தக் காரைப் பார்த்தாள்.

போன செவ்வாய்க்கிழமை. பழங்குடி நடத்தும் இந்தக் கஞ்சாக் கடையில் கூட்டம். அவளுக்கு அது தொடர்ந்து பதினாலாவது மணி நேரம். ஒரு பெண் வந்து அடையாள அட்டையை நீட்டி, இரண்டு விரலைக் காட்டினாள். இரண்டு கஞ்சா சுருட்டு. லோரீன் கொடுத்தாள், பணத்தை வாங்கிப் போட்டாள். கதவு சாத்திய பிறகுதான் உறைத்தது. அந்த அட்டை நெட்டுக்குத்தாக இருந்தது. இருபத்தொரு வயது ஆகாதவர்களுக்கு மட்டும்தான் இந்த மாநிலத்தில் அட்டையை அப்படி அச்சடிப்பார்கள். அவர்களுக்குக் கஞ்சா விற்பது குற்றம்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை.

வரும் வியாழக்கிழமை மாநிலச் சட்டமன்றத்தில் ஓட்டெடுப்பு. மாநிலத்துக்கும் பழங்குடிக்கும் உள்ள கஞ்சா ஒப்பந்தம் நீடிக்குமா என்பது அன்று தெரிந்துவிடும். பழங்குடிக் கடைகள் சின்னப் பிள்ளைகளுக்கு விற்கின்றன என்று ஒரு உறுப்பினர் மாசக்கணக்காகக் கத்திக்கொண்டிருந்தார். அவர் கையில் ஆதாரம் மட்டும்தான் இல்லை. இந்த ஒரு விற்பனை போதும். கடை போகும். கடையின் வரியில் ஓடுகிற மருத்துவமனை போகும். அங்கே வாரம் மூன்று நாள் லோரீனின் அம்மாவுக்குச் சிறுநீரக இயந்திரம் ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது. அடுத்த இயந்திரம் தொண்ணூறு மைல் தள்ளி.

வெர்னா வந்ததும் தானே சொல்லிவிட வேண்டும். அந்த ஆள் வாயைத் திறப்பதற்கு முன்னால்.

ஆனால் இரண்டு மணிக்கு வெர்னா வந்தபோது அந்த ஆளும் கூடவே வந்தான். ஒட்டிப்போன கன்னம், நனைந்த தொப்பி கையில்.

"இவர் பேரு ஹால்வர்சன். வாரியத்துல பழங்குடிகளோட பேசுற அதிகாரி" என்றாள் வெர்னா. "போன செவ்வாய்க்கிழமை நீதானே இங்க நின்னே?"

"ஆமா." லோரீன் கல்லாப் பெட்டியை மூடினாள். "அக்கா, நான் ஒண்ணு சொல்லணும்..."

"அவர் பேசட்டும் முதல்ல. மூணு நாளா அதுக்குத்தான் தவம் கெடக்குறார்."

ஹால்வர்சன் தொப்பியின் விளிம்பைத் திருகினான்.

"அம்மா, தப்பு எங்க பேர்ல. வயசு கம்மியானவங்களுக்கு விக்கிறாங்களான்னு பாக்க, பத்தொன்பது வயசுப் பிள்ளைங்களைக் கடைக்கு அனுப்புவோம். எங்க எல்லைக்குள்ள மட்டும்தான். புது டிரைவர், பலகையைப் பாக்கல. நாங்க அனுப்பின பொண்ணை உங்க கடையில இறக்கி விட்டுட்டான். உங்களைக் கேக்காம உங்க மண்ணுல சோதனை பண்ணியிருக்கோம். இது வியாழக்கிழமைக்குள்ள வெளிய வந்தா, நீங்க ஒப்பந்தத்தைக் கிழிச்சு எறியலாம். எங்களால ஒரு வார்த்தை பேச முடியாது."

லோரீன் கல்லா மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி, அந்தப் பொண்ணு என்ன வாங்குச்சு?" என்று கேட்டாள் வெர்னா.

"ஒண்ணும் வாங்கலை. அட்டையைப் பாத்ததும் திருப்பி அனுப்பிட்டாங்கன்னு எழுத்துலயே குடுத்திருக்கா. அன்னிக்குப் போன பதினோரு கடையில மறுத்தது உங்க கடை ஒண்ணுதான்."

டெல்பர்ட் விசில் அடித்தான். "அதான் பாரு, எங்க லோரீன்!"

"நீ என்னமோ சொல்லணும்னியே?" வெர்னா திரும்பினாள்.

"ஒண்ணுமில்லைக்கா."

"கேக்காம உங்க மண்ணை மிதிச்ச காலும் வந்து மன்னிப்புக் கேக்கணும்னு சொல்லி அனுப்பினீங்க" என்றான் ஹால்வர்சன் வெர்னாவிடம். "அதான் அவளையும் கூட்டிட்டு வந்திருக்கேன். டெஸ்ஸா, உள்ள வாம்மா."

செவ்வாய்க்கிழமை வந்த அதே பெண் உள்ளே வந்தாள். தலையைக் குனிந்து, பள்ளிக்கூடப் பிள்ளை போல ஒப்பித்தாள். கேட்காமல் உங்கள் மண்ணில் கால் வைத்துவிட்டேன், மன்னியுங்கள். வெர்னா அவள் தோளைத் தட்டினாள். ஹால்வர்சன் மூன்று நாளில் முதல்முறையாக மூச்சுவிட்டவன் போல இருந்தான். வெர்னா, ஹால்வர்சன், டெல்பர்ட் மூவரும் பேசிக்கொண்டே கதவுப் பக்கம் நகர்ந்தார்கள்.

டெஸ்ஸா மட்டும் கல்லா அருகே நின்றாள்.

"என் அட்டையை நல்லாவே பாத்தீங்க, ஆன்ட்டி" என்றாள் மெதுவாக. "இனி வாராவாரம் வருவேன். காசு கேக்க மாட்டீங்கதானே?"

பிறகு மேசை மேல் கையை வைத்து, செவ்வாய்க்கிழமை காட்டியது போலவே இரண்டு விரலை நீட்டினாள்.