மேல்தளத்து இடுக்கு

"அடிக்கட்டை உளுத்துப்போச்சுன்னு வர்றவங்ககிட்ட எல்லாம் ஊதுறது யாரு? உன்னை விட்டா இந்தக் கப்பலோட அடியைப் பார்த்தவன் எவன்யா இருக்கான்?"

கேப்டன் போட்ட சத்தத்தில் துறைமுகக் கரையே திரும்பிப் பார்த்தது.

கப்பல் தச்சர் உளியைத் துடைத்துப் பையில் போட்டார். "நான் சொல்லலை, கேப்டன்."

"பின்னே, கப்பலே வாயைத் திறந்து சொல்லுச்சா? இது கைமாறிட்டா உன் பொழைப்பு போயிடும். அதானே?"

தச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு வந்த வார்த்தையை விழுங்கிவிட்டு நடையைக் கட்டினார். பதில் பேசாதவன்தான் குற்றவாளி என்று கேப்டன் அப்போதே தீர்ப்பு எழுதிவிட்டார்.

அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. நூறு வயது தாண்டிய பாய்மரக் கப்பல். ஒரு காலத்தில் சரக்கு ஏற்றிக்கொண்டு கடல் கடலாகச் சுற்றியது. இப்போது பாயெல்லாம் கிழிசல், தளத்துப் பலகைகளுக்கு நடுவே விரல் நுழைகிற இடைவெளி. ஆனாலும் விற்பனைக்கு என்று எழுதி மாட்டியதும் ஆசை ஆசையாகத்தான் ஆட்கள் வந்தார்கள். சுற்றிப் பார்ப்பார்கள், டீ குடிப்பார்கள், அதோடு சரி. தலைதெறிக்க ஓடிவிடுவார்கள்.

விற்காமலும் முடியாது. குடியிருப்பும் இந்தக் கப்பலிலேயேதான். போன மழையில் மனைவி கரையிலிருந்து ஏறும் பலகையில் வழுக்கி விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். போதும், இவளுக்குக் கரையில் ஒரு வீடு என்று அன்றைக்கே முடிவு செய்தார்.

அவளும் கேட்காத நாள் இல்லை. "சரித்திரக் கப்பலாம் சரித்திரம்! சரித்திரத்துக்குள்ள எவளாவது குடித்தனம் பண்ணுவாளா? நான் கண்ணை மூடுறதுக்குள்ள ஆடாத தரையில ஒரு நாளாவது சமைக்கணும்."

இன்று வந்தவர் ஒரு ஓட்டல் முதலாளி. பாய்மரத்தைத் தட்டிப் பார்த்தார், சுக்கானைத் திருப்பிப் பார்த்தார், சின்னப் பிள்ளை மாதிரி மணியையும் அடித்துப் பார்த்தார். ஆள் விழுந்துவிட்டார் என்று கேப்டனுக்குத் தெரிந்தது.

"டீ குடிங்க சார், இதோ வந்துடறேன்" என்று அவரை மனைவியிடம் விட்டுவிட்டுக் கிடங்குக்குள் இறங்கினார்.

கேப்டன் மட்டும் என்ன யோக்கியமா? கப்பலின் பக்கப் பலகை மூட்டுகளில் தண்ணீர் கசிந்து அடியில் தேங்கும். வந்தவர் மேலே டீ குடித்து முடிப்பதற்குள், கீழே கைப்பம்பை அடித்து அதை வெளியேற்றிவிடுவார். அது கடகடவென்று போடும் சத்தத்தில் காதே அடைத்துப்போகும்.

இன்றைக்கு நாலு அடி அடித்ததும் பம்பின் கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

"நாசமாப் போச்சு!"

தலையில் கை வைத்து நின்றவருக்கு, பலகை இடுக்கு வழியாக மேலே பேசுவது துல்லியமாகக் கேட்டது.

"அடிக்கட்டை உளுத்துப்போச்சுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

மனைவியின் குரல்! கேப்டனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடிப்பாவி, நீயா?

"பரவாயில்லைம்மா, மாத்திக்கறேன்" என்றார் ஓட்டல்காரர். "எனக்குக் கப்பல் பிடிச்சுப்போச்சு."

"பேயும் இருக்குங்க."

"ரொம்ப நல்லதாப்போச்சு. அதைப் பாக்கறதுக்குன்னே கூட்டம் வரும்."

கேப்டன் விறுவிறுவென்று ஏணியில் கால் வைத்தார். வீடு வேணும் வீடு வேணும்னு உயிரை எடுத்துட்டு, வந்த ஆளையும் விரட்டுறியா? இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது.

"அப்போ உண்மையைச் சொல்லிடறேங்க." அவள் குரல் இறங்கிவிட்டது. "அடிக்கட்டை கல்லு மாதிரி இருக்கு. பேயும் கிடையாது. நான் விழுந்தப்போ என் தங்கச்சி வீட்டுல ஒரு வாரம் தங்கினோம். இந்த மனுஷன் பொட்டுத் தூக்கம் தூங்கலை. தரை ஆடவே மாட்டேங்குதுன்னு விடிய விடியக் கூடத்துல நடந்தாரு. சாப்பாடும் இறங்கலை. பாதி ஆளாயிட்டாரு. எனக்காகத்தான் விக்கிறாரு. இவரைத் தொலைச்சுட்டு அந்த வீட்டுல உக்காந்து நான் என்னங்க பண்ணப்போறேன்? வாங்காதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். தச்சர்கிட்டயும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கி வெச்சிருக்கேன். பாவம், எனக்காக அவர் திட்டு வாங்கிட்டிருக்காரு."

கேப்டன் ஏணியிலேயே நின்றுவிட்டார்.

அவர் மேலே வந்தபோது ஓட்டல்காரர் இல்லை. மனைவி டம்ளர்களை நங்கு நங்கென்று அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"பாத்தீங்களா, இந்த ஆளும் ஓடிட்டாரு! உங்க ஓட்டைக் கப்பலை எவன் வாங்குவான்? எனக்கு இந்த ஜென்மத்துல வீடு இல்லை, அவ்வளவுதான்."

"ஆமா, இல்லை போலத்தான் இருக்கு" என்றார் கேப்டன். நேரே தச்சர் பட்டறைக்குப் போய், அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சிடுய்யா. புத்தி கெட்டுப் பேசிட்டேன். கப்பலை விக்கலை. நாளைக்கே வேலையை ஆரம்பி. முதல்ல அவளுக்கு அகலமா, ரெண்டு பக்கமும் கைப்பிடி வெச்ச படி."

தச்சர் அவர் முகத்தைப் பார்த்தார். விஷயம் தெரிந்துவிட்டது என்று புரிந்துகொண்டார்.

"செஞ்சிடலாம். அப்படியே மேல்தளத்து இடுக்கெல்லாம் பஞ்சும் தாரும் வெச்சு அடைச்சிடறேன்."

"அடை. ஆனா நாங்க டீ குடிக்கிற இடத்துக்குக் கீழ இருக்கே, அந்த ஒரு இடுக்கை மட்டும் விட்டுடு."

"மழை பெஞ்சா ஒழுகுமே, கேப்டன்!"

"ஒழுகட்டும்யா. இத்தனை வருஷமா அவ எதிர்ல நின்னு திட்டுறதைத்தான் கேட்டிருக்கேன். அவ மனசுல நான் இருக்கிறது அது வழியாத்தான் கேட்டுச்சு."