இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த லேத்

சுவரில் பெயிண்ட் காயவில்லை. லேசாக உரசியதற்கே கஸ்தூரிரங்கனின் முழங்கையில் வெளிர்பச்சை ஒட்டிக்கொண்டது.

ராஜகீழ்ப்பாக்கத்தில் வயல் தூர்த்துக் கட்டிய அந்தத் தனியார் பாலிடெக்னிக்குக்கு அங்கீகாரம் தரலாமா என்று பார்க்க வந்த குழுவில் அவரும் ஒருவர். அவரும் வேறொரு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் துறைத் தலைவர்தான்.

மதியம் வற்புறுத்திப் போட்ட நெய்க் கேசரி நெஞ்சிலேயே நின்றது. வாசலில் தெளித்த பன்னீர் சட்டையில் வியர்வையோடு கலந்து குமட்டியது.

கம்ப்யூட்டர் அறையில் எல்லா மானிட்டர்களின் முதுகிலும் ஏதோ டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் ஸ்டிக்கர். கிழிக்கக்கூட அவகாசம் இருந்திருக்கவில்லை.

இப்போது இந்தப் பயிற்சிக்கூடம். நடுவில், மேசைமேல், சின்னதாக ஒரு சி.என்.சி. லேத். கம்ப்யூட்டரில் எழுதிக் கொடுத்தால் அதன்படி தானாகக் கடையும் இயந்திரம்.

"புள்ளைங்க தெனம் இதுலதான் சார் கத்துக்கினு கீதுங்க" என்றார் தாளாளர் சிட்டிபாபு.

வெற்றிலைச் சாறு வழிந்த அந்த உதட்டைப் பார்க்கவே கஸ்தூரிரங்கனுக்குப் பிடிக்கவில்லை. அவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, வரிசையில் நின்ற மாணவர்களில் ஒருத்தியைக் கூப்பிட்டார். பெயர் தபீதாள். பொழிச்சலூரிலிருந்து வருகிறாளாம்.

மேசை இழுப்பறைக்கு ஒரு குமிழ் கடைந்து காட்டச் சொன்னார். திணறுவாள் என்று தெரியும். அந்தத் திணறலை அப்படியே ரிப்போர்ட்டில் எழுத வேண்டும் என்றிருந்தது.

அவள் திணறவில்லை.

அலுமினியத் துண்டை மாட்டினாள். நிற்காமல் தட்டினாள். ஓர் எண்ணை அழித்துத் திருத்தினாள். பொத்தானை அழுத்தினாள். உளி தானே நகர்ந்தது. சீவல்கள் சுருண்டு விழுந்தன.

பத்து நிமிடத்தில் குமிழ் அவர் உள்ளங்கையில் இருந்தது. இன்னும் சூடாக.

"எத்தனை நாளாம்மா இதுல பழகறே? உண்மையைச் சொல்லு."

அவள் கதவைப் பார்த்தாள். குரல் தணிந்தது.

"மூணு நாள் சார். நீங்க வர்றப்போ மட்டும்தான் மெஷின் வரும். போன வருஷம் ஒரு மூணு நாள், இப்போ ஒரு மூணு நாள். மத்த நாளெல்லாம் நோட்டுல புரோகிராம் எழுதி வெச்சுப்போம். வந்ததும் யாரும் சாப்பிடக்கூடப் போக மாட்டோம் சார். முறை போட்டு ஓட்டுவோம்."

அகப்பட்டார்கள். கஸ்தூரிரங்கனுக்கு உடம்பெல்லாம் கூசியது. பிள்ளைகளை வைத்து இப்படியும் ஒரு பிழைப்பு. எவனோ கூசாமல் மெஷினை வாடகைக்கு விடுகிறான், இவன் கூசாமல் வாங்குகிறான். இரண்டு பேர் பெயரையும் எழுதியே தீர வேண்டும்.

சாட்சிக்கு நம்பர் வேண்டுமே. பேனாவைத் திறந்துகொண்டு இயந்திரத்தின் பின்பக்கம் குனிந்தார்.

அடித்தட்டில் வெள்ளை பெயிண்டில் ஸ்டாக் நம்பர் இருந்தது. ஏழுக்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு.

அது அவருடைய ஏழு. அவர் கையால் எழுதியது.

அவருடைய பாலிடெக்னிக்கில் இந்த லேத் இருக்கும் அறைக்குச் சாவி இரண்டு. ஒன்று பிரின்ஸிபாலிடம், மற்றது கஸ்தூரிரங்கனிடம். பையன்கள் கை பட்டால் கெட்டுவிடும் என்று பூட்டி வைக்கச் சொன்னவரே அவர்தான். இரண்டு வருடங்களாக அவருடைய மாணவர்களுக்கு சி.என்.சி. என்றால் கரும்பலகையில் அவர் வரையும் படம். அதை வரைந்தே அவர்கள் பாஸும் ஆனார்கள்.

போன ஆயுதபூஜைக்கு அறையைத் திறந்து, லேத்தை மூடியிருந்த உறையின் மேலேயே சந்தனம் வைத்துவிட்டுப் பூட்டினார். உறையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

நிமிர வெகுநேரம் ஆயிற்று.

தபீதாள் அடுத்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"சார், அஞ்சு மணிக்கு டெம்போ வந்துடும். அதுக்குள்ள இன்னொண்ணு ஓட்டிக்கட்டுமா?"