ஆடாத கை

"உள்ளே என்னமோ கழண்டு கிடக்கு. கிலுகிலுன்னு சத்தம் வருது" என்று புதுக் கேமராவைக் கடை மேசையில் பொத்தென்று வைத்தார் கிரேன்காரர்.

கடைக்காரன் அதைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தான். "ஒரு சத்தமும் இல்லியேங்கய்யா."

"இங்க வராது. உன் கடைக்கு வந்தா மட்டும் அது நல்ல பிள்ளையாயிடும். வீட்லதான் அது வேலையக் காட்டும்."

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். விற்கிறவன் பேச்சை நம்பவே மாட்டார். சிரித்துக்கொண்டே விற்கிறவன் என்றால் இன்னும் மோசம். இந்தக் கடைக்காரனுக்கோ சிரித்த முகம்.

கேமராவை அவர் ஆசைக்கு வாங்கவில்லை. வெளிநாட்டில் இருக்கிற மகள் அம்மாவுக்கு ஒரு ஜோடி வளையல் அனுப்பியிருந்தாள். அதை வலது கையில் போட்டுக்கொண்டு அம்மா உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு படம் வேண்டும், புது வீட்டில் பெரிதாக மாட்டப் போகிறேன் என்றாள். இவரும் செல்போனில் எடுத்து அனுப்பினார்.

"வளையல் எங்கப்பா இருக்கு? உங்களுக்கு வரலன்னா தெரிஞ்சவங்க யாரையாவது எடுக்கச் சொல்லுங்க" என்று பதில் வந்தது. அது அவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

அப்புறம்தான் இந்தப் பெரிய கேமரா. முதல் படத்திலேயே மனைவியின் முகம் கண்ணாடி போல வந்தது. மடிப்பக்கம் மட்டும் தண்ணீர் பட்ட மை மாதிரி கலங்கிக் கிடந்தது. லென்ஸில் அடிப்பாகம் கோளாறு என்று முடிவு கட்டிக்கொண்டு போன வாரமே ஒரு தடவை இதே கடைக்கு வந்தார்.

கடைக்காரன் கேமராவின் சின்னத் திரையை ஒரு பார்வை பார்த்தான். "கை ஆடியிருக்குங்கய்யா. ஆடாம வச்சா சரியாயிடும்."

கிரேன்காரருக்குச் சுர்ரென்று ஏறியது. "யாரப் பாத்து என்ன பேசுற? வீடு மாதிரி இரும்புப் பெட்டியக் கப்பலுக்குள்ள முட்டைய வைக்கிறாப்புல இறக்கினவன் நான். என்கிட்டயே கை ஆடுதுங்குற?"

அவன் எதற்கு வம்பு என்று, "வெளிச்சம் பத்தல போலருக்கு, கேமராவுல ஐ.எஸ்.ஓ.ன்னு வெளிச்ச அளவு இருக்கு, அத ஏத்தி எடுங்க" என்று அனுப்பிவைத்தான். ஏற்றி எடுத்தார். மனைவியின் முகம் முழுக்க மணலை அள்ளித் தூவின மாதிரி ஆனது.

"எனக்கென்ன அம்மையா போட்டிருக்கு?" என்றாள் அவள், படத்தை எட்டிப் பார்த்துவிட்டு.

நேற்று வேறொரு கடையில் மூன்று கால் ஸ்டாண்டு வாங்கிவந்தார். கேமராவை அதில் இறுக்கி, தானாக எடுக்கிற டைமரைத் தட்டிவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். காற்றில் ஆடியது என்று எவனும் சொல்லிவிடக் கூடாதென்று மின்விசிறியையும் நிறுத்தியாகிவிட்டது.

"முகத்த மட்டும் எடுத்து அனுப்பிடுங்களேன். வளையலுக்கு என்ன அவசரம்?" என்றாள் மனைவி.

"அனுப்பினா உன் மக, அப்பனுக்கு ஒரு எழவும் தெரியலம்பா. பேசாம பொம்மை மாதிரி உக்காரு."

அவள் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த நிசப்தத்தில்தான் அந்தக் கிலுகிலு சத்தத்தை அவர் முதலில் கேட்டார். படமோ பழைய குருடி. இன்று விடிந்ததும் கேமராவைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் இங்கே வந்துவிட்டார்.

"லென்ஸ மாத்திக் கொடு. இல்லன்னா கேமராவயே மாத்து. இன்னொரு தடவ கை ஆடுதுன்னு சொன்ன, மரியாதை கெட்டுப்போயிடும்."

கடைக்காரன் கேமராவை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். அதே கேமராவில் வாசல் தெருவை ஒரு படம் எடுத்து, மெமரி கார்டை உருவிக் கணினியில் செருகினான். படத்தின் அடியில் கிடந்த சாக்கடை மூடியின் எழுத்தைக்கூடப் படிக்க முடிந்தது.

"அதான் சொன்னேனே, உன் கடையில ஒழுங்கா இருக்கும்னு."

அவன் வீட்டுப் படங்களைத் திறந்து ஒவ்வொன்றாகப் பெரிதாக்கினான். நெற்றிச் சுருக்கம் தெரிந்தது. சேலைக் கரை நூல் நூலாகத் தெரிந்தது. எல்லாவற்றுக்கும் கீழே இருந்த நாற்காலிக் காலில் ஒரு கீறல்கூடத் துல்லியமாக விழுந்திருந்தது. மடியில் இருந்த இடது கையும் அப்படித்தான். வலது கை வளையல் மட்டும் ஒன்று பத்தாக இழுபட்டுக் கிடந்தது.

அடுத்த படமும் அப்படியே. அதற்கடுத்ததும்.

"செல்போன்ல எடுத்தது இருக்குங்களா?" என்று கேட்டு வாங்கி அதையும் பார்த்தான். அவன் முகத்தில் சிரிப்பு காணாமல் போயிருந்தது.

கிரேன்காரருக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. திருட்டுப் பயல், கையும் களவுமாக மாட்டிக்கொண்டான்.

"ஸ்டாண்டுல வச்சு எடுத்தது. நான் தொடக்கூட இல்ல. இப்பச் சொல்லு பாப்போம், யாரு கை ஆடுது?"

கடைக்காரன் ஒரு நாற்காலியை இழுத்து அவர் பக்கம் போட்டான். குரலைத் தணித்துக்கொண்டு சொன்னான்.

"உங்க கைய நான் அன்னைக்கும் சொல்லலீங்கய்யா, அம்மா கைதான் எல்லாப் படத்துலயும் நடுங்குது."