இல்லாத ஒயர்

அண்ணன் கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, டார்ச்சைப் பல்லில் கடித்தபடி உள்ளே துழாவுகிறான். நேற்று வாங்கிய பெரிய கிராபிக்ஸ் கார்டுக்குக் கரண்ட் கொடுக்கத் தனி ஒயர் வேண்டும். இந்தப் பெட்டியின் நோஞ்சான் பவர் சப்ளையில் அப்படி ஒரு ஒயரே கிடையாது. தங்கைக்கு அது தெரியும். கட்டிலில் காலாட்டிக்கொண்டு ஆரஞ்சு உரிக்கிறாள். ஒயரே கேட்காத சின்னக் கார்டாகப் பார்த்து அவள் போட்டிருந்ததை, சொல்லாமல் கழற்றி நண்பனுக்குத் தூக்கிக் கொடுத்தவன் இவன். அவள் கேட்டதற்கு, "உனக்கு வீடியோ எடிட்டிங்தானே? இருக்கிறத வெச்சு ஒப்பேத்து" என்றவன். இப்போது டார்ச்சைக் கையில் எடுக்கிறான். "அந்த ஒயர் எங்கடி?" "உள்ளதான் இருக்கும். நல்லாத் தேடு." உள்ளே ஏதோ தகட்டு விளிம்பு கிழித்து அவன் விரலில் ரத்தம் துளிர்க்கிறது. கார்டின் மூன்று விசிறிகளும் அசையவில்லை. "ஒயர் இல்லாம இத வெச்சு என்னடி பண்றது?" அவள் ஒரு சுளையை நிதானமாக மென்று விழுங்குகிறாள். "இருக்கிறத வெச்சு ஒப்பேத்துண்ணா."