துடைக்காத வாய்

ஏப்ரல் பதினான்கு, ஜோடியில்லாதவர்களுக்கான 'கறுப்பு நாள்', நண்பகல். தென்கொரியாவின் தேகு நகரத்து நூடுல்ஸ் கடையில் ஜோடியில்லாதவர்கள் எல்லோரும் கறுப்பு உடுத்திக்கொண்டு, கறுப்புக் குழம்பில் புரட்டிய நூடுல்ஸை வருடாவருடம் போல உறிஞ்சுகிறார்கள். யேரினுக்கு இது இரண்டாவது கிண்ணம். காதலித்த நாலு வருடமும் தேஷிக் அவளை இதைத் தொடவிட்டதில்லை. வாயெல்லாம் அப்பிக்கொள்வது அவனுக்கு அருவருப்பு. இப்போது கண்ணாடிக்கு வெளியே, வெயிலில், ரோஜாக்கொத்தும் கையுமாக அவனே வந்து நிற்கிறான். "வாயைத் துடைடி, சமாதானத்துக்கு வந்திருக்கான்!" என்று தோழி சுகி டிஷ்யூவை நீட்டுகிறாள். "அவன் கெடக்கான். அந்த முள்ளங்கியை இப்படித் தள்ளு." ஊறவைத்த மஞ்சள் முள்ளங்கி அவள் பல்லில் கறுக் மொறுக்கென்று நொறுங்குகிறது. யேரின் கண்ணாடிப் பக்கம் திரும்பி, கடைவாய்ப்பல் வரை கறுத்த வாயை அகலத் திறந்து சிரிக்கிறாள்.