கொப்பளித்த பிராந்தி

குடித்துவிட்டுக் கார் ஓட்டினாயா என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

“ஆமாங்கய்யா” என்றான் அருணகிரி. கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டதில் வக்கீல் முகத்தைச் சுளித்தார்.

அருணகிரி பிறந்ததிலிருந்து குடித்ததில்லை. காரும் ஓட்டியதில்லை. ரைஸ்மில் முதலாளி செங்கல்வராயனின் அம்பாசடரைப் பதினோரு வருடமாகத் துடைக்கிறான், அவ்வளவுதான். துடைக்கும்போதுகூடச் சாவி முதலாளியின் இடுப்பில்தான் இருக்கும்.

மாமல்லபுரத்தில் நாலு மீன்கூடைகளையும் ஒரு மைல்கல்லையும் சாய்த்தது முதலாளி. கேஸ் அருணகிரி பெயரில் வந்தது. டாக்டர் வாயை முகர்ந்து பார்ப்பார் என்பதால், முதலாளி மிச்சம் வைத்த பிராந்தியை வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பினான். நெடி இருக்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

சும்மா ஒன்றும் செய்யவில்லை. கேஸ் முடிந்த கையோடு லைசென்ஸ் எடுத்துத் தருகிறேன், இனி நீதான் என் டிரைவர் என்று முதலாளி சத்தியம் செய்திருந்தார். அருணகிரிக்கு உலகத்தில் வேறு ஆசையே கிடையாது.

வேண்டா என்ற அவன் மனைவி காக்கித் துணி வாங்கிச் சட்டை தைக்கக் கொடுத்தாள். அதைப் போட்டுக்கொண்டுதான் கூண்டில் நின்றான். சட்டைப்பையில் மூன்று போட்டோ. கோர்ட்டிலிருந்து நேராக லைசென்ஸ் ஆபீசுக்குப் போவதாக ஏற்பாடு.

மாஜிஸ்திரேட் தீர்ப்பை வாசித்தார். குடித்து ஓட்டியதற்கு முந்நூறு ரூபாய் அபராதம். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதற்கு ஐம்பது.

கடைசி பெஞ்சில் முதலாளி தலையாட்டினார். எல்லாம் பேசி வைத்தபடியே நடந்தது.

இன்னும் ஒரு வரி பாக்கி இருந்தது. ஐந்து வருடத்துக்கு இவன் எந்த லைசென்சும் எடுக்கக் கூடாது.

அருணகிரி வக்கீலைப் பார்த்தான். வக்கீல் அடுத்த கேஸ் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

வெளியே புளியமரத்தடியில் கார் நின்றது. அருணகிரி அதன்மேல் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதான். பிறகு அழுத இடத்தைத் துடைத்தான்.

மதுவிலக்கை எடுத்து இரண்டு வருடம் ஆகிறது, கோர்ட்டுக்கு எதிரிலேயே கடை. கண்டம் தப்பிய சந்தோஷத்தில் பட்டப்பகலில் அங்கே போன முதலாளி, ஒரு மணி நேரம் கழித்துத் தள்ளாடிக்கொண்டு வந்தார். பின்சீட்டில் விழுந்தார். இடுப்பைத் தடவிச் சாவியை எடுத்து நீட்டினார்.

“தல சுத்திகினு கீதுடா. நீயே மெதுவா ஓட்டினு போ.”

பதினோரு வருடத்தில் முதல் தடவை.

அருணகிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். முதலாளி குறட்டை விட ஆரம்பித்தார். கதவை மெல்லச் சாத்தினான். முன்கண்ணாடியை வழக்கம்போல ஒரு தடவை துடைத்தான்.

ஊருக்குப் போகும் அச்சரப்பாக்கம் பஸ் வந்தது. டிரைவருக்குப் பின்னால் ஒரு சீட் காலியாக இருந்தது. அருணகிரி அதில் உட்கார்ந்து, கியர் போடும் கையை ஊர் வரைக்கும் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டே வந்தான்.

சட்டைப்பையில் மூன்று போட்டோவோடு சாவியும் கிடந்தது.